சித்திக்குக் காட்டிய சிவப்பு அட்டை

என் சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பத்தொன்பது வருடமாக அதே வேலை. அவருடைய காரில் பிரேக்கும் கிளட்சும் ஓட்டுகிறவர் காலடியிலும் இருக்கும், பக்கத்து இருக்கையில் சித்தியின் காலடியிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சாவியைத் திருப்பும்போதே வியர்த்துப்போவார்கள். சித்தி தன் பக்கத்துப் பிரேக்கைக் காலால் தட்டிக் காட்டுவார்.

"இங்க பாரு. பிரேக் என்கிட்டயும் இருக்கு. நீ தப்புப் பண்ணினா நான் நிறுத்திடுவேன். நான் தப்புப் பண்ண மாட்டேன். இப்ப வண்டிய எடு."

இந்த ஒரு பேச்சிலேயே நடுக்கம் பாதி போய்விடும். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் அவரைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்கள்கூடக் கடைத்தெருவில் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலையில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை, ஏழாவது நாள் கால்பந்து நடுவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சின்ன ஆட்டம் நடந்தாலும் விசில் அவருடையதுதான். சட்டைப் பையில் எச்சரிக்க மஞ்சள் அட்டையும், ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பச் சிவப்பு அட்டையும் எப்போதும் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். சித்தி கொஞ்சம் அதிகமாகப் பேசினால் மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்துவார்.

"அத உள்ள வைங்க. இல்லேன்னா இன்னைக்குச் சாப்பாடு கிடையாது," என்பார் சித்தி.

"நடுவர மிரட்டினா அடுத்தது சிவப்பு," என்பார் சித்தப்பா. ஆனால் முப்பது வருடத்தில் சித்திக்குச் சிவப்பு காட்டியதில்லை.

ஐம்பத்தாறாவது வயதில் சித்தப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, ஊசி மருந்து என்று ஒன்றரை வருடம் போனது. அதற்குள் நோய் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. ஒரு நாள் பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இனிமே மருந்து குடுத்து நோயக் குறைக்க முடியாது. வலி இல்லாம பாத்துக்கலாம். வார்டுலயும் இருக்கலாம், வீட்டுலயும் இருக்கலாம். வீட்டுல பாத்துக்க ஆள் இருக்கா?"

"நான் இருக்கேன்," என்றார் சித்தி.

டாக்டர் தலையாட்டி அதை எழுதிக்கொண்டார். சித்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சித்தி சிரித்திருப்பார்.

திரும்பி வரும் வழியில் சித்திதான் காரை ஓட்டினார். பக்கத்து இருக்கையில் இருந்த சித்தப்பா பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ன மறுபடி அந்த வார்டுக்கு அனுப்பாத. முடிஞ்சா பாக்கறேன்னு சொல்லாத. அனுப்ப மாட்டேன்னு சொல்லு."

"அனுப்ப மாட்டேன். பிரேக் மேல இருக்கற கால எடுங்க. வண்டி இழுக்குது."

அப்படித்தான் அந்த வாக்கு கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர்கள் வீடு மாடியில். கீழே ஓட்டுநர் பள்ளியின் ஒற்றை அறை: ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட பெரிய தாள். பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறினால் ஒரு முன்னறை, உள்ளே இன்னொரு அறை, ஒரு சமையலறை. தெருவைப் பார்த்த அந்த உள்ளறையில், ஜன்னலை ஒட்டிச் சித்தப்பாவின் கட்டில் போடப்பட்டது. கூப்பிடக் குரல் எழும்பாது என்பதால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சின்னதாக ஒன்று ஊதினால் தண்ணீர். இரண்டு ஊதினால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நீளமாக ஒன்று என்றால் வலி. மூன்று ஊதினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம், அதை மட்டும் ஊதக் கூடாது என்று சித்தி சொல்லியிருந்தார்.

சித்தி வேலையை முழுதாக விடவில்லை. காலை மாத்திரைக்குப் பிறகு ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை சித்தப்பா கண் அயர்வார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான்கு பேருக்குப் பாடம். காரைப் பக்கத்துத் தெருக்களைத் தாண்டி விடமாட்டார். கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் கொஞ்ச நாளில் விசில் பாஷை பழகிவிட்டது. "அக்கா, ரெண்டு ஊதிட்டாரு," என்று அவர்களே ஓரமாக நிறுத்துவார்கள். சித்தி இறங்கி மாடிக்கு ஓடுவார். ஓரமாக நிறுத்துவதில் அந்த வருடப் பிள்ளைகள் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். பழம் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவுக்கு இரண்டு வாய் சூப்புக்கு மேல் இறங்காத காலம் அது. சித்தி எல்லோருக்கும் டீ போட்டார், நாற்காலி இழுத்துப் போட்டார், நோயின் கதையை முதலிலிருந்து சொன்னார். போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் நின்று, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க," என்றார்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்," என்றார் சித்தி. அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவினார். வெளிநாட்டில் இருக்கிற மகன் தினமும் போன் செய்தான். "அப்பா சாப்பிட்டாரா? அப்பா தூங்கினாரா?" என்று கேட்பான். நல்ல பையன்தான். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அம்மா சாப்பிடாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

ஆனால் சித்தி நின்றுகொண்டுதான் சாப்பிட்டார், அதுவும் மிச்சத்தை. சித்தப்பா எவ்வளவு இளைத்தாலும் ஆறடி உயரம். அவரைக் கைகளுக்கு அடியில் பிடித்துத் தூக்கித் தூக்கித்தான் சித்தி திருப்பிப் படுக்க வைத்தார். எப்படிச் செய்வது என்று யாரும் காட்டித்தரவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையில் மாத்திரைகள் இருந்தன, எந்த மாத்திரை எப்போது என்ற தாள் இருந்தது, ஆளைத் திருப்பும் வழி எழுதிய தாள் இல்லை. இரண்டு மாதத்தில் இடுப்பில் ஒரு வலி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கூடவே தாகம். எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம். மாலையில் சாலைக் குறித் தாளில் உள்ள எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எல்லாம் அலைச்சல், தூங்கினால் சரியாகும் என்று விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பாடம். மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர் என்பதால் அவரைச் சித்தப்பா 'மூணு தடவை டீச்சர்' என்பார். டீச்சர் திருப்பத்தில் காரைத் திருப்பினார். திடீரென்று டீச்சரே பிரேக்கை அழுத்தினார். கார் குலுங்கி நின்றது. முன்னால் ஒரு கை தூரத்தில் சைக்கிள்காரர் ஒருவர் இவர்களைத் திட்டிக்கொண்டே போனார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் சித்தி.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, சைக்கிள். நீங்க பாக்கலையா?"

சித்தி பார்க்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகக் கற்றுக்கொள்கிறவர் முந்திப் பிரேக் போட்டிருந்தார்.

"பாத்தேன், பாத்தேன். நீங்க போடுறீங்களான்னு சோதிச்சேன்," என்றார் சித்தி. டீச்சர் அதை நம்பவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அன்று மருந்து வாங்கப் போனபோது மருந்துக் கடைக்கு எதிரே இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், தன் ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சித்தி நுழைந்தார். மருத்துவமனையோடு சேர்ந்த இடம்தான் அது, சித்தப்பாவுக்காகப் பல முறை வந்திருக்கிறார். கூட்டம் இருந்தது. பத்து நிமிடத்தில் வீடு திரும்ப வேண்டும். மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேரு?"

சித்தி சொன்னார்.

"வயசு? ஃபைல் நம்பர்?"

அதையும் சொன்னார். கையை நீட்டினார், ரத்தம் கொடுத்தார், பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே ஓடினார். முடிவு எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் சொன்ன பெயர் சித்தப்பாவுடையது. வயதும் சித்தப்பாவுடையது. ஃபைல் நம்பரும் அவருடையதுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக எந்த மேசையில் யார் கேட்டாலும் சித்தி அந்த மூன்றையும்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அன்றும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னது தெரியவும் இல்லை. தலை நிமிராத அந்தப் பெண்ணுக்கும் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று பார்க்க நேரமில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் போன் செய்தார். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறவர், சித்தியை அக்கா என்று கூப்பிடுகிற இளம் பெண்.

"அக்கா, சார் ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல வந்திருக்கு. சர்க்கரை முந்நூத்தி எண்பத்தாறு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையாலதான் ஏறியிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அத நாலுலேருந்து ஒண்ணாக் குறைச்சிடுங்க. நான் வியாழக்கிழமை வந்து பாக்கறேன்."

போன வாரம் நர்ஸ் சித்தப்பாவுக்கு ரத்தம் எடுத்திருந்தார். அதன் முடிவுதான் என்று சித்தி நினைத்தார். மாத்திரையைக் குறைத்தார்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் முதுகெலும்பைச் சுற்றி இருந்த வீக்கத்தை அடக்கி வைத்திருந்தது, கொஞ்சம் பசியையும் கொடுத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை நீளமான விசில் ஏழு முறை கேட்டது. சூப் இறங்கவில்லை. சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசவில்லை. சித்தி வலி மாத்திரையைக் கூட்டினார், நர்ஸுக்குப் போன் செய்தார், காலைப் பிடித்துவிட்டார். ஒன்றும் சரியாகவில்லை. அன்று முதல் முறையாக வார்டு என்ற எண்ணம் அவர் மனதில் வந்துபோனது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நர்ஸ் வந்தார். பையிலிருந்து சின்னக் கருவியை எடுத்துச் சித்தப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். பார்த்தார். மறுபடி இன்னொரு விரலில் குத்தினார்.

"நூத்திப் பதினெட்டு. அக்கா, இவருக்குச் சர்க்கரையே இல்ல."

"ரெண்டு நாள்ல இறங்கிடுச்சா?"

"இவ்வளவு இறங்காது. திங்கட்கிழமை இவரு எப்படி லேபுக்கு வந்தாரு? ரத்தம் அங்கதான் எடுத்திருக்குன்னு போட்டிருக்கு."

"அவரு எங்க வந்தாரு? அவரு படி இறங்கி நாலு மாசமாச்சு."

"அப்ப இது யாரோட ரத்தம்?"

 சித்தி தன் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டிலில் இருந்து சித்தப்பா அதைக் கவனித்தார். தபாலில் தவறான பையில் விழுந்த கடிதத்தை முப்பது வருடம் கண்டுபிடித்தவர் அவர்.

"அவ கைய வாங்கிப் பாரும்மா," என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் சித்தியின் விரலில் குத்தினார். நானூற்று இரண்டு.

"நீங்க எப்படி நிக்கறீங்கன்னே எனக்குத் தெரியல," என்றார் நர்ஸ். "இன்னைக்கே டாக்டரப் பாக்கணும். ஒரு நாளாவது படுக்கச் சொல்லுவாங்க."

சித்தி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "என் பேரச் சொல்லத் தெரியாம உங்க பேரச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் உங்கள வலில போட்டுட்டேனே."

"ஃபவுல்தான்," என்றார் சித்தப்பா. "ஆனா வேணும்னு பண்ணல. விடு."

பிறகு அவர் கை தலையணைக்கு அடியில் போனது. தேடியது. வெளியே வந்தபோது அதில் சிவப்பு அட்டை இருந்தது. கையை உயர்த்த அவருக்கு நேரமானது.  நர்ஸ் உதவப் போனார், சித்தப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். முழுதாக உயர்த்திச் சித்தியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"என்ன இது?"

"வெளிய போ."

"விளையாடாதீங்க."

"விளையாடல. அடிபட்ட ஆளு மைதானத்த விட்டு வெளிய போய்க் கட்டுப் போட்டுட்டுத்தான் திரும்ப வரணும். அதுக்கு அட்டை தேவையில்ல. ஆனா உன்ன அனுப்ப எனக்கு வேற வழி தெரியல."

"நான் போயிட்டா உங்கள யாரு பாப்பா?"

 நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னார், ஒரு வாரத்துக்குச் சாரை வார்டில் சேர்க்கலாம், படுக்கை கேட்டுப் பார்க்கிறேன் என்று. சித்தப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவளுக்காகன்னா போறேன்," என்றார்.

"யாரும் எங்கயும் போகல," என்று சித்தி எழுந்துவிட்டார். "அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. அப்ப வேற ஆளக் கூப்பிடு."

"யார? வந்து பழம் குடுத்துட்டு அழுதுட்டுப் போனாங்களே, அவங்களையா?"

சித்தப்பா யோசித்தார். "பத்தாம் நம்பரக் கூப்பிடு."

பத்தாம் நம்பர் என்பவர் டயர்க் கடை வைத்திருக்கிறவர். ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர், பத்தாம் எண் சட்டை. ஒரு இறுதி ஆட்டத்தில் சித்தப்பா அவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார், அவர் அணி தோற்றது. பதினோரு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. சித்தி காருக்கு டயர் மாற்றக்கூட வேறு கடைக்குத்தான் போவார்.

"அவரா? எதுக்கு?"

"அவன் ஒருத்தன்தான் என்னப் பாத்துப் பாவப்பட மாட்டான்."

சித்தி டயர்க் கடைக்குப் போன் செய்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, "எனக்கு உதவி வேணும்," என்ற வார்த்தையை யாரிடமோ சொன்னார். அதைச் சொல்வது முதல் நாள் கிளட்சை விடுவதைப் போல இருந்தது என்று என்னிடம் சொன்னார். விட்டுவிட்டால் வண்டி நகர்ந்துவிடும், ஆனால் விடுவதற்குத்தான் தைரியம் வேண்டுமாம்.

அரை மணி நேரத்தில் பத்தாம் நம்பர் படியேறி வந்தார். கையில் கிரீஸ் கறை, சட்டையில் ரப்பர் வாசம். வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார்.

"அது ஃபவுல் இல்ல," என்றார்.

"ஃபவுல்தான்," என்றார் சித்தப்பா.

"பந்தத்தான் தொட்டேன்."

"பந்தத் தொட்டப்புறம் அவன் முட்டியையும் தொட்ட. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். கிளம்பவிருந்த நர்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேர் இருக்கும்போதே திருப்பிப் படுக்க வைப்பதைக் காட்டித்தருகிறேன் என்றார். ஒரு போர்வையை இரண்டாக மடித்துச் சித்தப்பாவின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தார். ஆளுக்கு ஒரு பக்கம் போர்வை ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி இழுத்தார்கள். ஆறடி மனிதர் சத்தமில்லாமல் நகர்ந்தார். பிறகு ஒரே ஆளாக எப்படிச் செய்வது என்றும் காட்டினார்: முழங்காலை மடக்கி, இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை, தன் பக்கமாக உருட்டுவது.

"தூக்கவே கூடாது அக்கா. உருட்டணும்."

சித்தி அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா என் இடுப்பு உடையுது. இத ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

நர்ஸ் போர்வை ஓரத்தை நீவிவிட்டார். "நீங்க கேக்கல அக்கா. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னீங்க."

"கேக்கணும்னு எனக்குத் தெரியாதே. இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பேன்."

 நர்ஸ் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதி, அடியில் கோடு போட்டார்.

அன்றே சித்தி மருத்துவமனைக்குப் போனார். ஆனால் அதற்கு முன் பத்தாம் நம்பருக்குப் பாடம் எடுத்தார். கற்றுக்கொடுக்காமல் அவரால் யாரிடமும் எதையும் ஒப்படைக்க முடியாது. மூன்று முறை சித்தப்பாவைத் திருப்ப வைத்தார், தன் கை பக்கத்தில் தயாராக, ஆனால் தொடாமல். விசில் பாஷையை ஒப்பிக்க வைத்தார். கடைசியாகக் கீழே போய்க் காரில் இருந்த, 'பழகுநர்' என்று எழுதிய எல் போர்டைக் கழற்றிக்கொண்டுவந்து கட்டில் கம்பியில் தொங்கவிட்டார்.

"பழகுநர்," என்று படித்தார் சித்தப்பா. "ரொம்பச் சரி. இவன் எப்பவும் பழகுநர்தான்."

சித்தியை ஒரு நாள் படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரையும் தினமும் தானே போட்டுக்கொள்ள இன்சுலின் ஊசியும் எழுதிக்கொடுத்தார்கள். மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தார். படியேறும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த ஆட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து மறுபடி ஆடிக்கொண்டிருந்தார்கள், இன்னும் இடைவேளை வரவில்லை. மாத்திரை பழைய அளவுக்கு வந்திருந்தது. சூப் கிண்ணம் பாதி காலி. சித்தி முன்னறை நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு விசில் கேட்டது. பழக்கத்தில் எழுந்து ஓடினார்.

பத்தாம் நம்பர் வாசலை மறித்து நின்றார். "உக்காருங்க அக்கா. இது என் டைம்."

சித்தி போய் உட்கார்ந்தார். அன்று ஒரு தட்டில் சாப்பாடு வைத்து, மேசையில், உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்றார்.

அதன் பிறகு ஓட்டுநர் பள்ளியின் பாட அட்டவணையில் ஒரு புதிய பக்கம் வந்தது. காரோடு போகிறவர்களுக்கு ஒரு பக்கம், மாடிக்கு வருகிறவர்களுக்கு ஒரு பக்கம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பத்தாம் நம்பர். நான்கிலிருந்து ஆறு வரை மூணு தடவை டீச்சர், அவர் சித்தப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டு வந்த எல்லோருக்கும் சித்தி இப்போது நேராகப் பதில் சொன்னார். "வேணும். சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்காருங்க. பழம் வேண்டாம்." சிலர் வந்தார்கள். சிலர் அதற்குப் பிறகு போன்கூடச் செய்யவில்லை. மகனிடமும் சொல்லிவிட்டார்: "தினமும் அப்பாவப் பத்திக் கேக்கற. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னக் கேளு." மகன் போனில் அழுதான். "அழாத. கேளு," என்றார் சித்தி.

ஒரு மாலையில் நர்ஸ் கிளம்பும்போது சித்தியும் கூடவே இறங்கி, படிக்கட்டில் அவரை உட்கார வைத்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லு. கடைசில எப்படி இருக்கும்?"

"அக்கா, அத இப்ப எதுக்கு..."

"நான் யாரையும் தெரியாத ரோட்டுல வண்டி ஓட்ட விடுறதில்ல. முன்னாடியே ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவேன். எனக்கும் காட்டு."

நர்ஸ் சொன்னார். தூக்கம் கூடும், சாப்பாடு வேண்டாம் என்பார், கை கால் சில்லென்று ஆகும். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் சத்தம் கேட்கும். அது அவருக்குக் கஷ்டமாக இருக்காது, பார்க்கிறவர்களுக்குத்தான் இருக்கும். "அந்த நேரத்துலதான் பயந்துபோய் வார்டுக்குத் தூக்கிட்டு ஓடிடுவாங்க. யாரும் முன்னாடி சொல்லியிருக்க மாட்டாங்க, அதான்."

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இரண்டு கேள்வி திரும்பக் கேட்டார். பிறகு மேலே போய் ஊசி போட்டுக்கொண்டார், தனக்கு.

பத்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பத்தாம் நம்பரின் நேரம். சித்தப்பா முந்தின நாளிலிருந்து கண் திறக்கவில்லை. சித்தி பாடங்களை நிறுத்திவிட்டு முன்னறையில்தான் இருந்தார். பதினொன்றரைக்குப் பத்தாம் நம்பர் வேகமாக வெளியே வந்தார். டயர்க் கடையில் லாரியைத் தூக்கி நிறுத்துகிற ஆள், முகம் வெளுத்திருந்தது. கையில் போன்.

"அக்கா, மூச்சு நின்னு நின்னு வருது. ஆம்புலன்ஸக் கூப்பிடவா?"

சித்தி உள்ளே போய்ப் பார்த்தார். கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. மூச்சு நின்றது, திரும்ப வந்தது. தொண்டையில் அந்தச் சத்தம்.

"வேண்டாம். இது நர்ஸ் சொன்னதுதான். அவர இங்கேருந்து யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

பத்தாம் நம்பர் போனைப் பைக்குள் வைத்தார். கட்டில் பக்கத்து நாற்காலியைச் சித்தியின் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அப்ப இது உங்க டைம் அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

சித்தி உட்கார்ந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் ஏதோ ஒரு கார் கியர் மாற்றத் தெரியாமல் முனகிக்கொண்டு போனது. பன்னிரண்டே காலுக்கு, வீட்டில், தன் கட்டிலில், சித்தப்பாவின் மூச்சு நின்றது, திரும்ப வரவில்லை. விசில் அவர் கழுத்தில் இருந்தது. அதை யாரும் ஊதவில்லை.

சித்தி இப்போதும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். எல் போர்டு காருக்குத் திரும்பிவிட்டது. மூணு தடவை டீச்சர் நான்காவது தடவையில் தேறிவிட்டார். சித்தி மாதம் ஒருமுறை அதே பரிசோதனை நிலையத்துக்குப் போய்த் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி ரத்தம் கொடுக்கிறார். மேசையில் இருக்கிற பெண் இப்போது தலை நிமிர்ந்து பார்த்துத்தான் எழுதுகிறாளாம்.

போன மாதம் நானும் அவரிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். முதல் நாள், வெயில் மறைக்கும் பலகையை இறக்கினேன். அதில் சிவப்பு அட்டை செருகியிருந்தது, ஓரம் தேய்ந்துபோய்.

"சித்தி, இது யாருக்கு? தப்பா ஓட்டுறவங்களுக்கா?"

"இல்ல. எனக்கு. நீ ரோட்டப் பாரு."